22 தீர்த்தமும் ஒரு சந்தேகமும்

ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு வரும் பெண்கள் துணி மாற்றுவதைப் பார்க்க வேண்டும். உலர்ந்த சேலையின் முனை பல்லிடுக்கில் இருக்கும். ஈரப்பாவாடை காலடியில் விழுவதற்குள் மாற்றுப்பாவாடையின் நாடா முடிந்திருக்கும். நாலு பேர் நெருக்கியடிக்கும் அறையில் கூடப்பிறந்த அக்காகூட எதையும் பார்த்திருக்க மாட்டாள்.

மானத்துக்கு நல்லதுதான். ஆனால் அடுத்தவள் மூக்கையும் முடியையும் பார்த்தே வளர்கிற நமக்கு 'அந்த இடம்' மட்டும் நம்முடையது ஒன்றுதான் தெரியும், அதுவும் அரைகுறையாக. உள் உதடு சற்று வெளியே நீண்டிருந்தாலோ, ஒரு பக்கம் பெரிதாக இருந்தாலோ, 'எனக்கு மட்டும்தான் இப்படியோ?' என்று மனசு அரிக்கும்.

அளந்து பார்த்தவர்கள் உண்டு. 2005-இல் லண்டன் மருத்துவர்கள் 50 பெண்களை அளந்தார்கள். உள் உதட்டின் நீளம் ஒருத்திக்கு 2 செ.மீ., இன்னொருத்திக்கு 10. அகலம் 7 மி.மீ. முதல் 50 வரை. 2018-இல் சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரில் 657 பேரை அளந்தபோது நீளம் 5 மி.மீ.யில் தொடங்கி 100 வரை போனது. இருபது மடங்கு! மூக்கில் இப்படியொரு வித்தியாசத்தை யாராவது பார்த்திருக்கிறோமா?

நிறமும் அப்படித்தான். அக்குளைப் போலவே அங்கேயும் மெலனின் கூடுதல்; ஹார்மோனின் வேலை. அதை வெளுக்க வைப்பதாக 2012-இல் ஒரு திரவத்துக்கு நம் தொலைக்காட்சியில் விளம்பரமே வந்தது, வாங்கிக் கட்டிக்கொண்டது. இப்படித் திரவம் ஊற்றிக் கழுவ அவசியமும் இல்லை. யோனிக்குள் வாழும் லாக்டோபேசிலஸ் பாக்டீரியா அமிலம் சுரந்து, பி.எச். அளவை 3.8 முதல் 4.5-க்குள் காக்கிறது. அக்னி தீர்த்தக் கடல்நீரின் பி.எச். சுமார் 8, குளியல் சோப்பு அதையும் தாண்டும். உள்ளே கழுவவே வேண்டாம். வெளியே வெறும் தண்ணீர் போதும்.

வடிவம் நோயல்ல. அரிப்பு, துர்நாற்றம், தயிர்போல வெள்ளைப்படுதல், ஆறாத புண், புதிதாய் வெள்ளைத் திட்டு இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஈரத்துணி பூஞ்சைக்குக் கொண்டாட்டம் என்பதால், பாம்பன் சின்னப்பாலத்தில் மணிக்கணக்கில் கடலில் முங்கிப் பாசி எடுக்கும் பெண்களுக்கு இந்த அறிவுரை இன்னும் பொருந்தும். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று பாசிக்குப் பாசி பெயர் சொல்கிற ஊர் அது. டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் நம் எல்லோருக்கும் வாயில் வருவதோ ஒரே சொல்: "கீழ."