‘சொல்லி அனுப்புறோம்’ என்ற பிறகு: இன்டர்வியூ முடிவுக்குக் காத்திருக்கும் உடம்பு

புதுச்சேரியின் தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் நடந்த இன்டர்வியூவாக இருந்தாலும் சரி, விடியற்காலை ஈ.சி.ஆர். பஸ் பிடித்துச் சென்னைக்குப் போய்வந்ததாக இருந்தாலும் சரி, கடைசியில் காதில் விழுவது ஒரே பதில்தான்: “ரெண்டு மூணு நாள்ல சொல்லி அனுப்புறோம்.” மூன்று நாள் பத்து நாளாகிறது. குளிக்கப் போனாலும் போன் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தெரியாத நம்பர் அடித்தால் நெஞ்சு படபடக்கிறது, எடுத்தால், “பர்சனல் லோன் வேணுமா சார்?” வாசலுக்கு வந்தால் எதிர்வீட்டு அக்கா, “என்னப்பா, ஆர்டர் வந்துச்சா?” என்கிறார்.

இந்த நாட்களில் வரும் தலைவலியையும் நெஞ்செரிச்சலையும் தூக்கமின்மையையும் ‘எல்லாம் மனசுதான்’ என்று தள்ளிவிடுகிறோம். இவற்றுக்கு உடம்புக்குள்ளேயே காரணம் இருக்கிறது. குறைக்க வழியும் இருக்கிறது.

தெரியாமல் இருப்பதுதான் அதிகம் வருத்தும்

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016-இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். 45 பேரைக் கம்ப்யூட்டர் விளையாட்டில் உட்கார வைத்தார்கள். திரையில் தெரியும் கல்லுக்கு அடியில் பாம்பு இருந்தால் கையில் லேசாக ஷாக் அடிக்கும். வியர்வையையும் கண்பாவை விரிவதையும் அளந்தபோது, ஷாக் நிச்சயம் என்ற நேரத்தைவிட, அடிக்கலாம் அடிக்காமலும் போகலாம் என்ற பாதிக்குப் பாதி நேரத்தில்தான் பதற்றம் உச்சத்தில் இருந்தது. ‘இல்லைன்னாவது சொல்லித் தொலையக் கூடாதா’ என்று காத்திருப்பவர் அலுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

நிச்சயமில்லாத நிலையை மூளை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்டிசாலையும் கூடுதலாகச் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது; தசைகள் இறுகுகின்றன; ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. சில நிமிட ஆபத்துக்கு இது நல்ல ஏற்பாடு. வாரக்கணக்கில் நீண்டால் உடம்பு தாங்காது. கார்டிசால் காலையில் கூடி இரவில் குறைய வேண்டும். தொடர்ந்த பதற்றத்தில் இந்த ஒழுங்கு குலைவதால், உடம்பு களைத்திருந்தும் தூக்கம் பிடிப்பதில்லை.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டியதுபோல் தலைவலி, கழுத்து இறுக்கம்
• நெஞ்செரிச்சல், வயிற்றுப்போக்கு, பசியின்மை அல்லது ஓயாமல் கொறிப்பது
• விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே விழிப்பு வந்து மறுபடி தூங்க முடியாமை
• பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவது
• அடிக்காத போன் அடித்ததுபோல் தோன்றுவது, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல்

நாற்பது வயதுக்குமேல் வேறு வேலை தேடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரையும் பிரஷரும் இந்தக் காலத்தில் ஏறக்கூடும். கையில் பணம் இல்லையென்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக வாங்கிக்கொள்ளலாம்.

மில் மூடிய ஊரில் கண்டது

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்ற மில் கிராமம். 1930 வாக்கில் மில் மூடப்பட்டு, ஏறக்குறைய ஊரே வேலை இழந்தது. மரி யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அங்கே ஆராய்ந்து 1933-இல் புத்தகம் வெளியிட்டார்கள். படிக்க நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. ஜன்னலோரம் நின்று தெருவைக் கவனித்தபோது, ஆண்களின் நடை தளர்ந்திருந்தது. பாதி வழியில் காரணமில்லாமல் நின்றார்கள். பகலில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுவேலை இருந்த பெண்கள் மட்டும் வேகமாக நடந்தார்கள்.

மில் தொழிலாளர் ஊரான புதுச்சேரிக்கு இது அந்நியமான கதை அல்ல. எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட உரிமைகளுக்காக 1936 ஜூலை 30-ஆம் தேதி இங்கே 12 தொழிலாளர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள். 1898-இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. மில் 2020-இல் மூடப்பட்டது. வேலை சம்பளத்தோடு நாளுக்கு ஒரு நேரக்கணக்கையும் தருகிறது என்று யஹோதா பின்னாளில் எழுதினார். வேலைக்குக் காத்திருப்பவர் முதலில் இழப்பதும் அந்த நேரக்கணக்கைத்தான். அதைத் தாமாகவே போட்டுக்கொள்வதுதான் இந்தக் காலத்துக்கான முதல் மருந்து.

நாளை வகுத்துக்கொள்ளும் வழி

தேதி கேளுங்கள். இன்டர்வியூ முடிந்து எழுந்திருக்கும் முன், “எந்தத் தேதிக்குள்ள தெரியும் சார்? யாருக்கு மெயில் போடலாம்?” என்று கேட்பதில் தவறில்லை. அந்தத் தேதி தாண்டி இரண்டு வேலைநாள் கழித்து ஒரு மெயில் போடுங்கள். அதற்கும் ஒரு வாரம் பதில் இல்லையென்றால் இன்னொன்று. அதோடு விட்டுவிடுங்கள். அந்த வேலை கிடைக்கலாம். அதற்காக மற்ற இடங்களுக்கு விண்ணப்பிப்பதை ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம்.

அரசு வேலைக்கு வேறு கணக்கு. மத்திய அரசின் குரூப் ‘சி’ பணிகளுக்கும், குரூப் ‘பி’யில் கெசட்டட் அல்லாத பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்காணலே கிடையாது. ஆனாலும் பட்டியல் வர மாதக்கணக்காகலாம். வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கி அன்றைக்கு மட்டும் வெப்சைட்டைப் பாருங்கள்.

மெயில் பார்க்கக் காலை 11 மணி, மாலை 4 மணி என்று இரண்டு நேரம் போதும். நேரடியாகப் பேச நினைப்பவர்கள் போன் செய்வார்கள். ரிங்டோன் சத்தமாக இருக்கட்டும். இரவில் போன் கூடத்திலேயே கிடக்கட்டும்.

வேலைக்குப் போகிற நாளில் எழும் நேரத்துக்கே எழுந்திருங்கள். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் கணக்கு சரியாகிவிடும். மாலை ஆறு மணிக்குமேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடுவதில்லை. காந்தி சிலையைத் தாண்டிக் கைவீசி நடக்கலாம். பகலில் வீட்டுக் கட்டிலைவிட, 1827-இல் தொடங்கிய நம் ரோமன் ரோலண்ட் நூலகத்தின் நாற்காலி நல்லது.

கலிஃபோர்னியாவில் வக்கீல் தேர்வு எழுதியவர்கள் முடிவுக்கு நான்கு மாதம் காத்திருப்பார்கள். அவர்களைக் கவனித்த உளவியலாளர் கேட் ஸ்வீனி, கவலையை அடக்க அவர்கள் செய்த முயற்சிகள் பெரும்பாலும் பலிக்கவில்லை என்று கண்டார். வாரத்துக்கு ஒருமுறை 15 நிமிட தியானம் ஓரளவு கைகொடுத்தது. கவலைப்படாதே என்று மனதோடு மல்லுக்கட்டுவதைவிட, கவனம் முழுவதையும் கேட்கும் வேலை ஏதாவது செய்வது மேல்: தையல், ஸ்கூட்டர் சர்வீஸ், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு சொல்லித்தருவது, எதுவானாலும் சரி.

டீயும் சரக்கும்

குடித்த காபி, டீயில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மூன்று மணிக்குமேல் வேண்டாம்.

புதுச்சேரியில் சரக்கு விலை குறைவு; கடையும் பக்கத்திலேயே இருக்கிறது. ‘தூக்கம் வரலை, ஒரு கட்டிங் மட்டும்’ என்று தொடங்குபவர்கள் உண்டு. மது சீக்கிரம் கண்ணைச் சொக்க வைக்கும். பின்னிரவில் அதே மது தூக்கத்தைக் கலைக்கும். காலையில் நெஞ்செரிச்சலும் முதல்நாளைவிட அதிகப் பதற்றமும் மிஞ்சும்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

தினமும் ‘போன் வந்துச்சா?’ என்று கேட்காதீர்கள். ‘வந்தா நானே சொல்றேம்மா’ என்று பிள்ளை சொன்னால் அந்தப் பேச்சோடு விட்டுவிடுங்கள். அடுத்த தெருப் பையனின் சம்பளத்தைச் சாப்பாட்டு நேரத்தில் எடுக்க வேண்டாம். விசாரிக்கும் உறவினருக்குப் பதில் சொல்லும் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் எப்போது போவது?

மனச்சோர்வோ, பிடித்த எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால் தள்ளிப்போட வேண்டாம். நெஞ்சுவலி வந்தால் ‘டென்ஷன்தான்’ என்று நீங்களே முடிவு கட்டாமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ஜிப்மரிலும் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

2022-ஆம் ஆண்டு தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி, ஒரு லட்சம் பேருக்குத் தற்கொலைகள் நாட்டளவில் 12.4, புதுச்சேரியில் 29.7. ‘இருந்து என்ன பயன்’ என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் யாரிடமாவது சொல்லிவிடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

டாக்டரிடம் போனால், வேலைக்குக் காத்திருக்கிறேன் என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். வயிற்றுவலிக்கு ஸ்கேன் எழுதும் முன் அவருக்குத் தெரிய வேண்டிய முதல் தகவல் அதுதான்.