பூட்ஸ் அணிந்த பதினோராவது மனிதர்

கல்கத்தாவில் நான்கு மாதம் குடியிருந்தவர் எவரானாலும், அந்தக் கதையை ஒருமுறையாவது கேட்டிருப்பார். ஆபீஸில் பக்கத்து மேஜை வங்காளி நண்பர் சொல்லியிருப்பார். இல்லாவிட்டால் டிராமில் எவராவது சொல்லியிருப்பார். 1911இல் மோகன் பகான் அணியினர் வெறுங்காலுடன் ஆடி, பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களைத் தோற்கடித்து ஐ.எப்.ஏ. ஷீல்டை வென்ற கதைதான் அது.

கதை உண்மையே. ஆனால் அதில் ஒரு சிறு திருத்தம் உண்டு. வெறுங்காலுடன் ஆடியவர்கள் பத்துப் பேர்தான். பதினோராவது மனிதர் பூட்ஸ் அணிந்திருந்தார். இடது பக்கத்தில் பேக் ஆக நின்ற அவர் பெயர் சுதீர் சட்டர்ஜி. பவானிப்பூரில் லண்டன் மிஷனரி சங்கம் நடத்திய கல்லூரியில் ஆசிரியர். வங்காளக் கிறிஸ்தவர். பிற்காலத்தில் குருப்பட்டம் பெற்று 'ரெவரெண்ட்' சுதீர் சட்டர்ஜி ஆனவர்.

பவானிப்பூர் என்றால் நம்மவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. காளிகாட்டிலும் லேக் மார்க்கெட்டிலும் குடியேறிய தமிழர்களுக்கு அது அடுத்த வீடு மாதிரி. அந்தப் பேட்டையில் பகலில் பாடம் சொல்லிக்கொடுத்த ஒருவர், மாலையில் மைதானத்துக்குப் போய் ராணுவ வீரர்களோடு மோதினார் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

அவருடன் ஆடியவர்களும் முழுநேர ஆட்டக்காரர்கள் அல்லர். அந்தக் காலத்தில் பந்து ஆடிப் பிழைக்க முடியாது. அணித் தலைவர் சிவதாஸ் பாதுரி அரசாங்கக் கால்நடை இன்ஸ்பெக்டர். அபிலாஷ் கோஷ் கல்லூரி மாணவர். வேலையையும் படிப்பையும் வைத்துக்கொண்டுதான் எல்லோரும் ஆடினார்கள். அந்த ஜூலை மாதத்தில் அவர்களுக்கு ஓய்வு கிடைத்த நாட்கள் சொற்பம். செயின்ட் சேவியர் அணி, ரேஞ்சர்ஸ், ரைபிள் பிரிகேட் என்று ஒவ்வொன்றாக வென்றார்கள். அரை இறுதியில் மிடில்செக்ஸ் ரெஜிமெண்டுடன் 1–1 என்று சமநிலை. மறு ஆட்டத்தில் 3–0 என்று வெற்றி.

இறுதி ஆட்டம் ஜூலை 29, சனிக்கிழமை. எதிரணி ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்ட். வெளியூர்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்து குவிந்தார்கள். பின்வரிசையில் நின்றவர்களுக்கு ஆட்டமே தெரியவில்லை. காற்றாடி பறக்கவிட்டு கோல் கணக்கை அறிவித்தார்களாம். இரண்டாம் பாதியில் ஜாக்சன் அடித்த ஃப்ரீ கிக்கில் வெள்ளையர் முந்தினர். சிவதாஸ் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் அடித்த கோலில் 2–1. ஷீல்டை வென்ற முதல் இந்திய அணி!

கோல் போட்டவர்களின் பெயர் ஊரெங்கும் பரவியது. பேக் இடத்தில் நின்று தடுத்தவர்களைப் பற்றி யார் அதிகம் பேசுகிறார்கள்? கோல் காத்த ஹீராலால் முகர்ஜிக்கு முன்னே ஒரு பக்கம் பூட்டி சுகுல், மறுபக்கம் சுதீர் சட்டர்ஜி என்று நின்றிராவிட்டால், அபிலாஷின் கோலுக்கு என்ன பலன் இருந்திருக்கும்?

சுதீரின் விஷயத்தில் இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொண்டது. 1905இல் வங்காளத்தைக் கர்சன் பிரபு இரண்டாகப் பிரித்ததால் மூண்ட கோபம் அப்போதும் ஆறவில்லை. அந்தச் சமயத்தில் கிடைத்த வெற்றிக்கு வெறுங்கால் ஒரு சின்னமாகிவிட்டது. 'பதினொரு வெறுங்கால் வீரர்கள்' என்று சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பூட்ஸ் அணிந்து, மிஷன் கல்லூரியில் பாடம் நடத்திய கிறிஸ்தவர் அந்தச் சித்திரத்தில் சுலபமாகப் பொருந்தவில்லை. ஆனால் சிப்பாய்களின் காலணிக்கு நேராகக் காலை நீட்ட வேண்டிய இடத்தில் நின்றவர் அவர். பூட்ஸ் போட்டதால் அவருடைய தேசப்பற்றில் ஓர் அவுன்ஸ் குறைந்துவிடுமா என்ன?

பூட்ஸா வெறுங்காலா என்ற வழக்கு அத்தோடு முடிந்துவிடவில்லை. மழைக்காலச் சேற்றில் வெறுங்கால் வழுக்கும் என்று தெரிந்தும், பழக்கத்தை விட நம் ஆட்டக்காரர்கள் தயங்கினார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் இந்திய அணியில் பெரும்பாலோர் பூட்ஸ் இல்லாமலே ஆடினர். பிரான்ஸிடம் 2–1 என்று தோற்ற அந்த ஆட்டத்தில் நமக்குக் கிடைத்த ஒரே கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். பெங்களூரிலிருந்து வந்து மோகன் பகானில் ஆடியவர். சுதீர் சட்டர்ஜி 1911இலேயே செய்ததை ஊர் முழுவதும் ஏற்றுக்கொள்ள நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

2001 முதல் ஜூலை 29ஆம் தேதியை மோகன் பகான் தினமாகக் கொண்டாடுகிறார்கள். 2011இல் 'எகாரோ', அதாவது 'பதினொன்று' என்ற பெயரில் வங்காளிப் படமும் வந்தது. அடுத்த தடவை பக்கத்து மேஜை நண்பர் இந்தக் கதையைத் தொடங்கும்போது, 'அந்த பூட்ஸ் போட்ட வாத்தியார் யார்?' என்று கேட்டுப் பாருங்கள். தேநீர் அவர் கணக்கில் வந்தாலும் வரும்.