அழைத்து வருபவரும் அவரே, ஆதரவு தருபவரும் அவரே!

திருச்சி கண்டோன்மெண்டில் உள்ள கோர்ட்டுத் தாழ்வாரத்தில் காலை வேளையில் சற்று நின்று பாருங்கள். டவாலி ஒரு கட்சிக்காரரின் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிடுகிறார். அமீனா ஜப்தி வாரண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறார். முதல் தடவையாகத் தப்புச் செய்து மாட்டிக்கொண்ட பையன் ஒருவன் இருந்தால், அவனைப் பற்றி விசாரிக்க நன்னடத்தை அலுவலர் ஒருவர் புறப்படுகிறார்.

கூப்பிட ஒருவர், பிடுங்க ஒருவர், திருத்த ஒருவர். இந்த மூன்று வேலைகளையும் ஒருவரே பார்த்தால் எப்படி இருக்கும்?

அப்படிப்பட்ட உத்தியோகமும் உலகத்தில் உண்டு. அமெரிக்காவின் பூர்வகுடிகளுக்குச் சொந்தமாகக் கோர்ட்டுகள் இருக்கின்றன. நவஹோ மக்களின் கோர்ட்டுகள் 1959ஆம் ஆண்டு முதல் நடந்து வருகின்றன. கொலை போன்ற பெருங்குற்றங்களை 1885ஆம் ஆண்டிலேயே மத்திய சர்க்கார் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. குடித்துக் கலாட்டா செய்தது, கைகலப்பு, சில்லறைத் திருட்டு போன்றவையே பழங்குடிக் கோர்ட்டுகளுக்குப் பெரும்பாலும் வருகின்றன.

சிறிய கோர்ட்டுகளில் ஆள் பஞ்சம். ஆகவே, சபையில் அமைதி காக்கும் சேவகரே நன்னடத்தை அலுவலராகவும் இருப்பதுண்டு. காலையில் ஒருவனைக் கூண்டில் நிறுத்துகிறவர், மாலையில் அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "வேலைக்குப் போனாயா, குடிக்காமல் இருக்கிறாயா?" என்று விசாரிக்கிறார். இருவரும் ஒரே ஊர். ஒருவேளை உறவும் கூட. கடுமை காட்டினால் ஊர் பகைக்கும். சலுகை காட்டினால் கோர்ட்டு கோபிக்கும். கத்தி முனையில் நடக்கிற வேலைதான்!

அமீனாவுக்கும் எல்லை உண்டு

நம் ஊரில் அமீனா என்றால் குலை நடுங்கும். ஆனால் அவர் கையையும் சட்டம் கட்டித்தான் வைத்திருக்கிறது. 1908ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டப்படி, சூரியன் அஸ்தமித்தபின் அவர் ஜப்திக்காக வீட்டுக்குள் நுழையக்கூடாது. உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை இவற்றைத் தொடக்கூடாது. சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத தாலியைக் கேட்கக்கூடாது. குடியானவனின் உழவு மாட்டையும் விதை நெல்லையும், தொழிலாளியின் கருவிகளையும் விட்டுவிட வேண்டும். உறையூர் நெசவாளி கடன்பட்டிருக்கலாம். அதற்காக அவர் நெய்து பிழைக்கும் தறியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கடனை வசூலிக்கலாம், பிழைப்பைப் பறிக்கக்கூடாது என்பதே தாத்பரியம்.

செருப்புத் தொழிலாளி காட்டிய வழி

நன்னடத்தை அலுவலரின் கதை 1841ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் தொடங்குகிறது. ஜான் அகஸ்டஸ் என்ற செருப்புத் தொழிலாளி, கோர்ட்டில் நின்ற ஒரு குடிகாரனுக்குத் தாமே ஜாமீன் நின்றார். மூன்று வாரம் கழித்து அவனைத் திரும்ப அழைத்து வந்தபோது, ஆள் அடியோடு மாறியிருந்தான். நீதிபதி ஒரு சென்ட் அபராதம் போட்டு அனுப்பிவிட்டார்!

சென்னை மாகாணத்தில் இதற்கான சட்டம் 1936ஆம் ஆண்டில் உருவாயிற்று. இந்தியா முழுமைக்குமான சட்டம் 1958இல் வந்தது. இதன்படி, ஆயுள் தண்டனைக்குரிய பெருங்குற்றம் தவிர மற்றவற்றில், 21 வயது நிரம்பாதவரை எடுத்த எடுப்பில் சிறைக்கு அனுப்ப முடியாது. அவரது குணம், குடும்பம் பற்றி நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கோர்ட்டு கேட்டுப் பெற வேண்டும். நன்னடத்தை ஜாமீனில் விட்டால், அவரைக் கண்காணிப்பதோடு, தகுந்த வேலை தேடித்தர முயல்வதும் அலுவலரின் கடமை. நிபந்தனையை மீறினால் பழைய குற்றத்துக்கே தண்டனை காத்திருக்கும்.

பிறந்ததே குற்றம்!

இதே நாட்டில் இதற்கு நேர்மாறான சட்டம் ஒன்றும் இருந்தது. 1871இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. இன்ன சாதியில் பிறந்தவன் என்றால் போதும்; கைரேகை பதிய வேண்டும், போலீசில் ஆஜர் கொடுக்க வேண்டும். இதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. பல உயிர்கள் பலியாயின. சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடெங்கும் 1952இலும் அந்தச் சட்டம் ஒழிந்தது.

வேடிக்கையைப் பாருங்கள்! குற்றம் செய்தவனையே திருத்தி வீட்டுக்கு அனுப்பச் சொன்ன சட்டமும், குற்றமே செய்யாதவனைப் பிறப்புக்காகக் காவல் காத்த சட்டமும் ஒரே மாகாணத்தில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அருகருகே இருந்தன. ஒன்று ஆளைப் பார்த்தது. மற்றொன்று சாதியைப் பார்த்தது.

பச்சைமலைப் பாதை

நம் ஜில்லாவின் வடக்கே, துறையூருக்கு அப்பால் பச்சைமலை. அங்கே மலையாளி என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மலையில் வாழ்வதால் வந்த பெயர் இது. ஊர்ப் பெரியவர்கள் கூடி வழக்குத் தீர்ப்பது அவர்களுக்குப் பழகிய முறை. அந்தக் கூட்டத்தில் குற்றவாளியின் தகப்பன் யார், நிலம் எவ்வளவு, வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று யாரும் அறிக்கை கேட்பதில்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.

அந்த மலையிலிருந்து ஒரு பையன் திருச்சிக் கோர்ட்டில் வந்து நின்றால், அவனைத் தெரிந்தவர் இங்கே யார்? அவனுடைய எதிர்காலம் சில பக்க அறிக்கையில் தொங்குகிறது. மேஜைமுன் உட்கார்ந்தபடி நாலு வரி எழுதிவிடலாம். மலை ஏறிப்போய், அவன் தாயைக் கண்டு, ஊர்ப் பெரியவரிடம் பேசிவிட்டும் எழுதலாம். முன்னது காகிதம்; பின்னதுதான் நீதி.

பழங்குடிக் கோர்ட்டின் சேவகருக்கு மலை ஏறும் சிரமம் இல்லை. அவர் அந்த ஊரிலேயே இருக்கிறார். நம் அலுவலருக்கு அந்த வசதி கிடையாது. அதனால்தான் அவர் ஏறும் ஒவ்வொரு படிக்கும் மதிப்பு அதிகம். அவர் போய்வரப் பஸ்ஸும், விசாரிக்கப் போதிய நாளும் கிடைக்கச் செய்வது சர்க்காரின் பொறுப்பு. திருந்தி வரும் பையனுக்குக் கடையிலோ பட்டறையிலோ ஒரு வேலை கொடுப்பது நம் பொறுப்பு!