உஷார்! ஊசி இலையெல்லாம் பைன் இல்லை

காட்டில் வழி தவறிவிட்டீர்களா? ஒரு பைன் மரம் கண்ணில் பட்டால் போதும், பிழைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் வீடியோக்கள் இப்போது செல்போனுக்குச் செல்போன் சுற்றுகின்றன. இலையில் டீ, உள்பட்டையில் ரொட்டி, பிசினில் காயத்துக்கு மருந்து, கட்டையில் நெருப்பு, கிளையில் படுக்கை. ஒரே மரம், ஒரே நிமிடம். பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது. சுத்தப் பொய் என்றும் தள்ள முடியாது. ஆனால் அதெல்லாம் அந்த மரத்தடியிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் கைப்பழக்கம். வீடியோவை மட்டும் நம்பி இமயமலைக்கு, டிசம்பரில் கேதார்கண்டாவுக்கும் மே மாதத்தில் குமாவுனுக்கும் மூட்டை கட்டும் நம் பிள்ளைகளுக்கு இது விளையாட்டில்லை.

முதல் ஆபத்து, நமக்குப் பைன் எது என்றே தெரியாதது. கோடைக்கானலிலும் ஊட்டியிலும் நாம் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பைன் காடுகளே வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. பங்களா வாசலில் அடுக்கடுக்காக நிற்கும் ‘கிறிஸ்துமஸ் மரம்’ பெரும்பாலும் அரோகேரியா. அது பைன் வகையே இல்லை. இலை ஊசியாக இருந்து, மரம் கூம்பாக உயர்ந்துவிட்டால் நம் வாயில் அது பைன்தான். நம்மூரில் இந்தக் குழப்பத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. இமயமலையில் உயிரே போகும்.

அங்கே தேவதாருவும் ஃபர் மரங்களும் ஓங்கி நிற்கும் காட்டின் நிழலில் ‘யூ’ என்றொரு மரம் வளர்கிறது. கார்வால் பக்கம் துனேர் என்பார்கள். பச்சைப் பசேலென்ற ஊசி இலை, செக்கச் செவேலென்ற பழம். அந்தப் பழத்தின் சதையைத் தவிர இலை, விதை, பட்டை எல்லாமே நஞ்சு. நம்மூர் அரளியைப் போல நேராக இதயத்தைப் பிடிக்கும். ஐம்பது, நூறு கிராம் இலையே ஒரு ஆளைக் கொல்லப் போதும் என்று நச்சியல் நூல்கள் கணக்குச் சொல்கின்றன. கொதிக்க வைத்தாலும் காய வைத்தாலும் விஷம் முறியாது. முறிமருந்தும் கிடையாது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் பாக்லிடாக்சல் யூ மரத்திலிருந்து வந்ததுதானே என்று சிலர் கேட்பார்கள். ஆமாம், வந்ததுதான். ஆய்வகத்தில் பிரித்தெடுத்து, மில்லிகிராம் கணக்கில், மருத்துவர் கண் முன்னால் ஏற்றும் மருந்து அது. டீ போடும் சமாச்சாரமில்லை.

தெரிந்தவர்களே தடுமாறும் இடம் இது. நாட்டு மருந்துக் கடையில் தாளிசபத்திரி என்று கேட்டால் முறைப்படி இமயமலை ஃபர் மரத்தின் இலையைத் தர வேண்டும். அதே பெயரில் யூ இலையும் இந்தியச் சந்தையில் புழங்கியிருக்கிறது. காய்ந்த பிறகு கடைக்காரருக்கே பிடிபடாதது, பசியிலும் குளிரிலும் நடுங்குகிற ஒருவருக்கு அந்தி நேரத்தில் பிடிபட்டுவிடுமா?

அடையாளம் கட்டாயம் தெரிந்தாக வேண்டும் என்றால் இதைப் பாருங்கள். பைன் இலை தனியாக முளைக்காது. அடியில் ஒரு சின்ன உறை இருக்கும். அதிலிருந்து கொத்தாகக் கிளம்பும். சிர் பைனுக்குக் கொத்துக்கு மூன்று, நீலப் பைனுக்கு ஐந்து. சிர் பைன் இலை ஒரு சாண் நீளம் வரும். யூ இலையோ தட்டையாக, இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில், குச்சியில் ஒவ்வொன்றாக ஒட்டியிருக்கும். கொத்து இல்லையென்றால் கிட்டவே போகாதீர்கள். கொத்து இருந்தாலும் கர்ப்பிணிகள் குடிக்கக் கூடாது. அமெரிக்காவில் பாண்டரோசா பைன் இலையைத் தின்ற சினைப் பசுக்களுக்குக் கன்று கலைந்துபோவது மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த தொல்லை.

சரி, இவ்வளவு ஆபத்தைத் தாண்டி அந்த டீ எதற்கு? வைட்டமின் சி-க்காம்! இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. 1535-36 குளிர்காலத்தில் கனடாவின் பனியில் மாட்டிக்கொண்ட பிரெஞ்சுக் கடலோடி ழாக் கார்ட்டியேவின் மாலுமிகள், வைட்டமின் சி இல்லாமல் வரும் ஸ்கர்வி நோயால் வரிசையாகச் செத்தார்கள். ஊசியிலை மரமொன்றின் கஷாயத்தைக் காட்டிக் கொடுத்து மிச்சப் பேரைக் காப்பாற்றியவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள். அது எந்த மரம் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள் என்பது தனிக்கதை. இரண்டாம் உலகப் போரில் முற்றுகையில் சிக்கிய லெனின்கிராடிலும் பைன் இலைச் சாறு வடித்துக் கொடுத்தார்கள். இரண்டுமே மாதக்கணக்கில் நீண்ட அவதி. ஸ்கர்வி தலைகாட்டவே சில வாரங்கள் ஆகும். மலையில் வழி தவறியவர் எதிர்கொள்வது பெரும்பாலும் ஓரிரு இரவுகள். அவரைக் கொல்வது குளிரும் ஈரமும் தாகமும், இருட்டில் கால் இடறி விழுவதும். இல்லாத நோய்க்கு ஏன் விஷப் பரீட்சை?

அடுத்தது நெருப்பு. பிசின் ஊறிய பைன் கட்டை மழையிலும் பற்றும் என்பது உண்மை. அதே பிசின்தான் காட்டையும் கொளுத்துகிறது. உத்தராகண்டில் சிர் பைன் சருகை ‘பிருல்’ என்கிறார்கள். கோடையில் அது தரையெல்லாம் மெத்தையாகக் கிடக்கும். பிப்ரவரி நடுவிலிருந்து ஜூன் நடுவரை அங்கே தீக்காலம். 2024 ஜூனில் அல்மோரா பக்கம் பின்சர் சரணாலயத்தில் தீயை அணைக்கப் போன வனத்துறைப் பணியாளர்களே கருகி இறந்தார்கள். காட்டுத் தீயோடு பழகியவர்களுக்கே அந்தக் கதி. நமக்கும் இது தெரியாத துக்கமில்லை. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போய்த் தீயில் சிக்கி மாண்டவர்களை மறந்திருக்க மாட்டோம். அது பைன் காடில்லை, காய்ந்த புல்தான். சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் பெரிதில்லை.

ஆகவே பைன் சருகின் மேல் அடுப்பு மூட்டாதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் மண் தெரியும்வரை சருகைச் சுற்றிலும் அகல வழித்துத் தள்ளிவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீரோ ஈரமண்ணோ வைத்துக்கொண்டு சின்னதாக மூட்டுங்கள். பனி சுமந்த கிளைக்கு அடியில் மூட்டினால் சூட்டில் பனி சரிந்து நெருப்பே அணையும். கூடாரத்துக்குள் கங்கு கொண்டுபோவது அதைவிட மோசம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவரை எழுப்பாது. காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்த வீடியோக்களில் பிசினைக் காயத்தில் அப்புகிறார்கள். சிலருக்கு அது தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும். அழுக்குக் காயத்தை மூடிவிட்டால் உள்ளே சீழ் கட்டும். சுத்தமான தண்ணீரில் கழுவித் துணி கட்டினால் போதும். உள்பட்டை ரொட்டி வேண்டவே வேண்டாம். வடக்கு ஸ்காண்டிநேவியாவின் சாமி மக்கள் அதைக் கோடைத் தொடக்கத்தில் உரித்து, பக்குவம் செய்து தின்றவர்கள். மரம் சாகாதபடி ஒரு பக்கம் மட்டும் உரிப்பார்கள். அவசரத்தில் சுற்றிலும் உரித்தால் உங்கள் வயிறும் நிறையாது, மரமும் பட்டுப்போகும்.

பைன் உண்மையிலேயே கைகொடுப்பது தரைக் குளிருக்குத்தான். உதிர்ந்த சருகையும் விழுந்து கிடக்கும் கிளையையும் தடிமனாகப் பரப்பி அதன்மேல் உட்காருங்கள். உட்காருமுன் அண்ணாந்து பாருங்கள். காய்ந்த கிளை தொங்கினால் இடத்தை மாற்றுங்கள். இடி மின்னல் என்றால் தனியாக உயர்ந்து நிற்கும் மரத்தடி ஆகாது. சரிவில் கிடக்கும் பைன் சருகு வழுக்கிவிடும். இருட்டிய பிறகு அதில் நடக்கவே நடக்காதீர்கள்.

யாராவது தெரியாத இலையைக் கொதிக்க வைத்துக் குடித்துவிட்டால் வாந்தியோ மயக்கமோ வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 112-ஐ அழையுங்கள், ஆளைக் கீழே இறக்குங்கள், அந்த இலைக் கொத்தையும் மருத்துவமனைக்குக் கையோடு எடுத்துப் போங்கள். மலைக்குக் கிளம்புமுன் எந்த வழியில் போகிறீர்கள், என்றைக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். பையில் ஒரு விசில் போட்டுக்கொள்ளுங்கள். வழி தவறினால் இருந்த இடத்திலேயே இருந்து மும்மூன்று முறையாக ஊதுங்கள்.