காயாத துணி, மக்காத டயப்பர்

ஜூன் பிறந்துவிட்டால் கொச்சி வெலிங்டன் தீவின் கொடிகளில் துணி காய்வதில்லை. துறைமுகத்துக்காகக் காயலைத் தூர்வாரிய மண்ணில் எழுந்த தீவு, சுற்றிலும் தண்ணீர். கைக்குழந்தைக்கோ நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு துணி வேண்டும். ஈரம் போகாததைக் கட்டினால் தொடை சிவந்துவிடும். எதிர்க்கரையில், ஃபோர்ட் கொச்சி டோபிகானாவில் தலைமுறைகளாக வெளுத்துவரும் தமிழ் வண்ணார்களே முறுக்கிய கயிற்றில் துணியைச் செருகிவிட்டு வெயிலுக்குக் காத்திருப்பவர்கள்தான்.

ஆகவே டயப்பர். வாங்குவது சுலபம், கழித்துக்கட்டுவதுதான் பாடு. உள்ளே பிளாஸ்டிக்கும் நீரை உறிஞ்சும் பாலிமரும். மக்காது. தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்று 2016லேயே திடக்கழிவு விதிகள் சொல்லிவிட்டன. 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைமேடு பற்றியெரிந்து நகரமே புகையில் திணறியபோதுதான் வீசியதெல்லாம் எங்கே போனது என்பது கொச்சிக்கு உறைத்தது.

துணிதான் உத்தமம் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் போட்ட கணக்குப்படி, இரண்டரை ஆண்டுக்கு டயப்பரின் கரியமில வாயுச் சுமை 550 கிலோ; துணியினுடையது 570. வெந்நீரும் உலர்த்தும் இயந்திரமும் செய்த வேலை. கொடியில் காயவைத்து, அடுத்த குழந்தைக்கும் அதையே கட்டினால் துணி ஜெயிக்கிறது. துவைக்கும் கை யாருடையது என்று மட்டும் அந்தக் கணக்கு கேட்கவில்லை. அது பெரும்பாலும் தாயினுடையது, அல்லது பாட்டியினுடையது.

வெயில் நாளில் துணி, இரவிலும் அடைமழையிலும் டயப்பர் என்பதே கட்டுப்படியாகும் ஏற்பாடு.