“ம்ம்ம்” சத்தமும் எர்த் கம்பியும்

1972-ம் ஆண்டு மே 3-ந் தேதி. வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில் பாட்டுக் கச்சேரி. கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையில் மைக்கைத் தொட்டார். மின்சாரம் தாக்கி உயிர் போனது. வயது 27தான். மைக்குக்கு எர்த் இணைப்பு இல்லை!

கருவியில் மின்சாரம் கசிந்தால், அதைத் தன் வழியே இழுத்து பியூசைப் போக்குவது எர்த் கம்பி. அதையே சிலர் வேண்டுமென்று கழற்றுகிறார்கள். காரணம், ஒலிபெருக்கியில் ஓயாமல் கேட்கும் “ம்ம்ம்” சத்தம்.

ஆம்ப்ளிபயருக்கு ஓரிடத்திலும் பாட்டுப்பெட்டிக்கு வேறிடத்திலும் எர்த் இருந்தால், இரண்டையும் இணைக்கும் வயரோடு சேர்ந்து ஒரு வளையம் உண்டாகிறது. நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 தடவை ஊசலாடுவது. அது வளையத்தில் புகுந்து ரீங்கரிக்கிறது.

கம்பியைக் கழற்ற வேண்டாம். இரண்டு பிளக்குகளையும் ஒரே பலகையில் செருகினால் பெரும்பாலும் சத்தம் அடங்கிவிடும்.