தென்காசிக்குக் குடிபோன குடும்பம்

பட்டணத்தில் வாழ்ந்து பழகியவர்கள் சின்ன ஊருக்குக் குடிபோக முடியுமா?

"முடியவே முடியாது" என்பார்கள் சிலர். "அதுதான் சொர்க்கம்" என்பார்கள் வேறு சிலர். இரண்டு பேருமே பெரும்பாலும் இருந்து பார்க்காதவர்கள்! இருந்து பார்த்த ஒரு குடும்பத்தைச் சந்திக்கத் தென்காசிக்குப் போனேன்.

கணவர் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறார். மனைவி, ஒரே மகள், வயதான மாமனார். சென்னையில் மாடிப்படி ஏறி இறங்கி வாழ்ந்த குடும்பம். 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனாவுக்காக ஊரடங்கு போட்டார்கள் அல்லவா? அதன்பின், ஆபீஸ் வேலையை வீட்டில் இருந்தே செய்யலாம் என்று ஆயிற்று. "இங்கே ஏன் இத்தனை வாடகை கொடுக்க வேண்டும்?" என்ற பேச்சு எழுந்தது. மறு வருஷம் தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

தென்காசியில் அவர்களுக்குச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. ஒருமுறை குற்றாலத்துக்குக் குளிக்கப் போய் வந்ததுதான் ஊர்ப் பழக்கம்!

"நான் அழுதுகொண்டுதான் ரெயில் ஏறினேன்" என்றார் அந்த அம்மாள்.

சாரல் ஊர்

2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி தென்காசி நகரத்தின் ஜனத்தொகை சுமார் 70 ஆயிரம். திருநெல்வேலி ஜில்லாவில் இருந்து பிரிந்து, 2019 நவம்பர் 22-ந் தேதி தனி ஜில்லா ஆயிற்று. மேற்கே மலை. மலைக்கு அப்பால் கேரளம். ஜூன் மாதம் பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று புகுந்து வரும். கூடவே சாரல் வரும். காயப்போட்ட துணி காயவே காயாது!

காசி விசுவநாதர் கோவில் 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டிய மன்னன் கட்டியது. அதன் கோபுரம் நெடுங்காலம் சிதைந்து கிடந்தது. மறுபடியும் கட்டி, 1990-ல் கும்பாபிஷேகம் செய்தார்கள். சாரல் காலத்தில் அந்தக் கோபுர வாசலில் நின்றால் காற்று ஆளையே தள்ளும். குழந்தைகளுக்கு அது ஒரு விளையாட்டு.

கம்ப்யூட்டர் வேலை இந்தப் பக்கத்துக்குப் புதிது அல்ல. ஜோஹோ கம்பெனி 2011-ல் பக்கத்து மத்தளம்பாறையில் ஆபீஸ் திறந்தது. நம்முடைய குடும்பத் தலைவர் அங்கே வேலை பார்க்கவில்லை. அவருடைய ஆபீஸ் சென்னையில் இருக்கிறது. மாதம் ஒரு தடவை போய்த் தலையைக் காட்ட வேண்டும். இரவு பொதிகை எக்ஸ்பிரசில் ஏறினால், காலையில் சென்னை.

"எந்தத் தெரு?"

வீடு தேடியதுதான் பெரிய பாடு. வாடகை பட்டணத்தைவிடக் குறைவுதான். ஆனால் வீட்டுக்காரர்கள் சம்பளத்தைக் கேட்கவில்லை.

"எந்த ஊரு?" என்றார்கள். சொன்னார்கள். "ஊரிலே எந்தத் தெரு?" என்றார்கள்.

தெருவைக் கேட்பது வழி தெரிந்துகொள்ள அல்ல. சாதியைத் தெரிந்துகொள்ள! வாய் திறந்து சாதியைக் கேட்கக் கூச்சம். அதனால் தெருவைக் கேட்கிறார்கள். இரண்டு வீடுகள் இப்படியே கை நழுவின. சின்ன ஊரின் அழகைப் பேசுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது சரி அல்ல. மூன்றாவது வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார். "கரண்டு பில்லை ஒழுங்காகக் கட்டுவீர்களா?" என்று மட்டும் கேட்டார். சாவியைக் கொடுத்துவிட்டார்.

ஆச்சியின் கேள்விகள்

பக்கத்து வீட்டில் ஓர் ஆச்சி. காலையில் கோலம் போடும்போதே கேள்வி தொடங்கும்.

"என்ன கொழம்பு வச்சிய?"

"நேத்து ராத்திரி யாரு வந்தாக?"

"பெரியவுகள ரெண்டு நாளா வெளியே காணலையே, ஏன்?"

சென்னையில் எதிர்வீட்டுக்காரர் பெயர்கூட இந்த அம்மாளுக்குத் தெரியாது. இங்கோ, வாங்கி வந்த கத்தரிக்காயின் விலைக்குக்கூடக் கணக்குச் சொல்ல வேண்டி இருந்தது! முதல் வருஷம் ஆச்சியைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்வாராம். ஆச்சி அசரவில்லை. ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

நடுராத்திரியில்

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஐப்பசி மாதம். நல்ல மழை. கணவர் சென்னைக்குப் போயிருந்தார். நடுராத்திரி ஒரு மணிக்கு மாமனாருக்கு நெஞ்சு வலி. உடம்பெல்லாம் வியர்வை.

அந்த அம்மாள் விளக்கைப் போட்டதுதான் தாமதம். வாசலில் ஆச்சி நின்றாள்.

"போன மாசம் மாத்திரைய மாத்துனாகன்னு சொன்னியே, அந்தச் சீட்டை எடு" என்றாள். அம்மாளுக்குச் சீட்டு வைத்த இடம் மறந்துவிட்டது. ஆச்சி மறக்கவில்லை. "அலமாரியில, பால் கணக்கு நோட்டுக்குள்ள வைப்பியே!" என்றாள்.

ஆச்சியின் மகன் காரை எடுத்தார். மகளை ஆச்சி தன் வீட்டில் படுக்க வைத்தாள். உள்ளூர் ஆஸ்பத்திரியில் முதல் உதவி செய்தார்கள். "மாரடைப்பு. உடனே திருநெல்வேலிக்குக் கொண்டுபோங்கள்" என்றார் டாக்டர். திருநெல்வேலி 50 கிலோ மீட்டருக்கும் மேலே இருக்கிறது. மழையில் அந்தத் தூரத்தைக் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஆச்சியின் அன்பு எவ்வளவு இருந்தாலும் ரோட்டின் நீளம் குறையாது அல்லவா?

பெரியவர் பிழைத்துவிட்டார். நான் போனபோது திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "காற்று நன்றாக இருக்கிறது, பார்த்தீர்களா?" என்றார்.

போவதா, இருப்பதா?

அன்று முதல் கணவருக்கு மனம் சரி இல்லை. "அடுத்த முறை இப்படி வந்தால்?" என்கிறார். மகள் வந்தபோது ஐந்தாம் வகுப்பு. இப்போது பத்தாம் வகுப்பு. டாக்டருக்குப் படிக்க ஆசைப்படுகிறாள். சென்னையில் சேர்த்தால் நல்லது என்பது அப்பாவின் எண்ணம். பெரியவரோ, "என்னை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்" என்கிறார்.

"நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று அந்த அம்மாளைக் கேட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. காப்பித் தம்ளரை எடுத்து வைத்தார். "முந்தாநாள் ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவாகத்தான் பேசினோம்" என்றார்.

"அதனால் என்ன?"

"காலையில் ஆச்சி வந்து, 'வீட்டைக் காலி பண்ணப் போறியளாமே?' என்று அழுகிறாள்!"